தானாக முளைக்கும் மூலிகைச் செடிகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: வயல் வரப்பிலும் வீட்டோரத்திலும் தானாக முளைக்கும் கீழாநெல்லி, குப்பைமேனி, வெட்டுக்காயப் பூண்டு, ஊமத்தை மாதிரியான செடிகளைக் கிராமத்துப் பெரியவர்கள் மருந்து என்கிறார்கள். டாக்டரிடம் கேட்டால் தொடவே வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது? இயற்கையானதுதானே, சாப்பிட்டுப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்? களைச்செடியில் மருந்து இருக்கிறதா என்பது மட்டும் கேள்வியாக இருந்தால் 'இருக்கிறது' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது அதைவிடப் பெரிய விஷயம் என்று படுகிறது. ஒரு கைவைத்தியக் குறிப்பைக் கேட்டவுடன், அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று நாமே எடைபோட முடியுமா? ஓரளவுக்கு முடியும். நான் தாவரவியல் படித்து, மருந்துச் செடிகளை அடையாளம் காண்பதும் அவற்றின் வேதிப்பொருள்களை ஆராய்வதுமாகப் பல வருடங்கள் வேலை செய்தவன். மருத்துவர் இல்லை. அதனால் யாருடைய நோய்க்கும் இங்கே மருந்து சொல்லப் போவதில்லை. செடியின் பக்கம் நின்று என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்கிறேன்.

முதலில், உலகம் முழுக்கக் கிராம மருத்துவத்தில் காட்டு மரங்களைவிடக் களைகள் ஏன் இவ்வளவு அதிகம்? ஸ்டெப், மோர்மன் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் இதை 2001-ல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். மெக்சிகோவின் சியாபாஸ் மலைப்பகுதி மாயா மக்களும் வட அமெரிக்கப் பழங்குடிகளும் பயன்படுத்தும் மருந்துச் செடிகளை எடுத்துப் பார்த்தால், அந்தந்தப் பகுதித் தாவரங்களில் களைகளின் பங்கு எவ்வளவோ, அதைவிட மிக அதிகமாக மருந்துப் பட்டியலில் களைகள் இருந்தன. வாசலில் கிடைப்பதைத்தானே காய்ச்சல் வந்தவன் தேடுவான் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் சொல்லப்படுகிறது. நூறு வருடம் வாழும் மரம் தன்னைக் காத்துக்கொள்ளப் பட்டையிலும் இலையிலும் துவர்ப்புப் பொருளை நிரப்பி, பூச்சிக்குச் செரிக்காதபடி செய்துகொள்கிறது. சில மாதங்களில் முளைத்துப் பூத்து மடியும் களைக்கு அவ்வளவு செலவு செய்ய நேரமில்லை. கொஞ்சமே இருந்தாலும் கடுமையாகத் தாக்கும் ஆல்கலாய்டு மாதிரியான நஞ்சுகளை அது தயாரிக்கிறது. பூச்சியின் நரம்பையும் இதயத்தையும் பிடிக்கிற அதே பொருள்தான் நம் நரம்பையும் இதயத்தையும் பிடிக்கிறது. இந்த இரண்டாவது விளக்கம் இன்னும் கருதுகோள்தான், ஆனால் எனக்கு நியாயமாகப் படுகிறது. இது சரியென்றால், களை மருந்தாவதற்கும் விஷமாவதற்கும் காரணம் ஒன்றே என்றாகிறது. 'இயற்கையானதுதானே' என்ற உங்கள் வாதம் இங்கேயே நின்றுவிடுகிறது.

சரி, எடைபோடும் வழிக்கு வருவோம். கிராம மருத்துவம் என்பது பல தலைமுறைகள் கண்ணால் பார்த்துச் சேர்த்த அறிவு. அதனால் கண்ணுக்குத் தெரியும்படி, சீக்கிரமாக, பெரும்பாலானவர்களிடம் ஒரே மாதிரி நடக்கும் விளைவை அது நன்றாகவே பிடித்து வைத்திருக்கிறது. சளி இளகுவது, வயிறு போவது, இரத்தம் நிற்பது, வீக்கம் வடிவது எல்லாம் இந்த வகை. மெதுவாக நடப்பதையும், அரிதாகச் சிலருக்கு மட்டும் நடப்பதையும், தானே சரியாகிவிடும் நோயில் மருந்தின் பங்கு என்ன என்பதையும் அதனால் பார்க்க முடியாது. பார்க்க முடியாததற்குப் பெரியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு குடும்பமோ ஒரு ஊரோ கவனித்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள் இல்லை அவை. நான் ஒரு குறிப்பைக் கேட்டதும் முதலில் பார்ப்பது இதைத்தான்: சொல்லப்படும் பலன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதா?

பார்த்துக் கண்டுபிடித்ததற்கு நல்ல உதாரணம் ஆடாதொடை. வேலியோரம் நிற்கும், ஆடு மாடு சீண்டாத புதர். இருமலுக்கும் சளிக்கும் இதன் இலையைச் சொல்வார்கள். இலையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை மாதிரியாக வைத்து உருவாக்கப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். அதன் வழியில் வந்தது ஆம்ப்ராக்சால். உலகம் முழுக்க மருந்துக்கடைகளில் விற்கும் சளி இளக்கி மருந்துகள் இவை. ஊமத்தையும் அப்படித்தான். மூச்சிரைப்புக்கு அதன் காய்ந்த இலையைப் புகைக்கும் பழக்கம் 1802 வாக்கில் மதராஸிலிருந்து பிரிட்டனுக்குப் போய், அங்கே டாக்டர்களே ஆஸ்துமாவுக்கு ஊமத்தைச் சுருட்டு எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் பரவியது. ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் ஸ்கோபாலமினும் சுவாசக் குழாயின் தசையைத் தளர்த்துகின்றன. இன்றைய இன்ஹேலர்களில் வரும் இப்ராட்ரோபியமும் டியோட்ரோபியமும் இந்தப் பொருள்களை மாற்றியமைத்து உருவானவையே. ஆகவே 'ஊமத்தை மூச்சிரைப்பைத் தணிக்கும்' என்ற பழைய கூற்று உண்மை. அதற்காக யாரும் இன்று ஊமத்தை இலையைப் புகைக்கக் கூடாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும், ஏன், ஒரே செடியின் இலைக்கும் விதைக்கும்கூட ஆல்கலாய்டு அளவு மாறும். மூச்சைத் தணிக்கும் அளவுக்கும் புத்தி பேதலிக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. இன்ஹேலர் செய்திருப்பது அந்த அளவை ஒழுங்குபடுத்தி, மருந்து மூளைக்குள் அதிகம் போகாதபடி தடுத்ததுதான்.

வெட்டுக்காயப் பூண்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மஞ்சள் நடுவும் வெள்ளை இதழ்களுமாகப் பூத்து, தரையோடு படரும் செடி. இலையைக் கசக்கி வெட்டுக்காயத்தில் வைத்தால் இரத்தம் நிற்கும் என்பார்கள். எலிகளில் நடந்த சோதனைகள் சில, இதன் சாறு காயம் ஆறுவதற்கு உதவுவதைக் காட்டின. மனிதர்களிடம் முறையாகச் சோதித்தது குறைவு. எனவே 'இருக்கலாம், வாய்ப்பு நன்றாகவே உண்டு' என்ற இடத்தில் இதை வைப்பேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. இந்தச் செடி அமெரிக்க வெப்பமண்டலத்துக்குச் சொந்தமானது. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே போய்வரத் தொடங்கிய பிறகுதான் மற்றக் கண்டங்களுக்குப் பரவியது. அதாவது 'ஆயிரமாயிரம் ஆண்டு மரபு' என்று இதைச் சொல்ல முடியாது. புதிதாக வந்த ஒரு களையை மக்கள் கவனித்து, சோதித்து, சில நூறு ஆண்டுகளுக்குள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காயமருந்தாக்கியிருக்கிறார்கள். மரபு எவ்வளவு பழையது என்பதைவிட, கவனிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதுதான் இங்கே பெருமைப்பட வேண்டியது. ஆனால் ஒன்று: தரையில் கிடக்கும் இலையில் மண் இருக்கும், மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கும். ஆழமான காயத்தில் கழுவாத இலையைத் திணிப்பது, இரத்தத்தை நிறுத்தினாலும் நல்லதில்லை. அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலான சிறு வெட்டுகளில் இரத்தம் நின்றுவிடும்.

மருவுக்கும் பாலுண்ணிக்கும் அம்மான் பச்சரிசியின் பாலைத் தடவுவதும் இப்படி ஒரு பழக்கம். அதே பேரினத்தைச் சேர்ந்த யூபோர்பியா பெப்லஸ் என்ற தோட்டக் களையின் பாலை ஆஸ்திரேலியாவில் தோல் புள்ளிகளுக்குத் தடவி வந்தார்கள். அதிலிருந்து இன்ஜெனால் மெபுடேட் என்ற பொருளைப் பிரித்து, வெயிலால் தோலில் வரும், பின்னால் புற்றாகக்கூடிய செதில்களுக்கான களிம்பாக 2012-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நாட்டு மருத்துவம் வென்ற கதையாக அது அப்போது பேசப்பட்டது. 2020-ல் ஐரோப்பாவில் அந்தக் களிம்பை நிறுத்தினார்கள். நீண்ட நாள் கண்காணித்ததில், தடவிய இடத்தில் தோல் புற்று அதிகமாக வருகிறதோ என்ற ஐயம் வலுத்தது. செதில் உதிர்ந்தது சில நாட்களில் தெரிந்தது. ஆபத்து தெரியச் சில வருடங்கள் பிடித்தன. நான் மேலே சொன்ன பிரிவினை இந்த ஒரே மருந்தில் அப்படியே இருக்கிறது.

இனி, தானே ஆறும் நோய்கள். இதில்தான் கீழாநெல்லி வருகிறது, இதில்தான் சண்டையும் அதிகம். மஞ்சள் காமாலைக்குப் பொதுவான காரணங்களில் ஒன்றான ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் அழற்சி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் மருந்தே இல்லாமல் சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் 'அதைக் கொடுத்தேன், குணமானது' என்பது உண்மையான அனுபவமாகவே இருக்கும். அதனாலேயே அந்த அனுபவத்தை ஆதாரமாக எடுக்க முடியாது. ஆனால் கீழாநெல்லியை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குபவர்களும் அவசரப்படுகிறார்கள். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை உடலில் சுமந்தவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 சதவீதத்தினரிடம் கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்துச் சத்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் இது 4 சதவீதம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. பின்னாளில் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த மதிப்பாய்வுகளும் நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றே முடித்தன. செடி வேறுபட்டதா, விளைந்த இடமா, பறித்த பருவமா, முதல் சோதனை சிறியதாக இருந்ததாலா என்ற விவாதம் தீரவில்லை. என் கருத்து: ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவர் இதை நம்பி வைரஸ் மருந்தைத் தள்ளிப்போடுவது தவறு. மேலும் ஆராயத் தகுதியில்லாத செடி என்று சொல்வதும் தவறு.

சிறுநீரகக் கல்லுக்கு நெருஞ்சில், பாம்புக்கடிக்கு ஏதேதோ வேர்கள் என்பவற்றிலும் இதே சிக்கல் உண்டு. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான கற்கள் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கும். வேரைக் கொடுத்துப் பிழைத்தவர்கள் சாட்சி சொல்வார்கள். இறந்தவர்களால் சொல்ல முடியாது. பாம்புக்கடி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: எதிர்விஷ ஊசி தவிர எந்தச் செடியையும் நம்பி ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது.

மெதுவான தீங்குக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆடுதீண்டாப்பாளை. களிமண் வயல்களில் படரும் களை. பூச்சிக்கடிக்கும் குடற்புழுவுக்கும் பாம்புக்கடிக்கும் சொல்லப்பட்டு வந்தது. இந்தப் பேரினச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்கான மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது, பலருக்கு அது முழுவதும் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக ஆடுதீண்டாப்பாளையின் உறவுச் செடி கலந்துவிட்டதுதான் காரணம். அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்று வந்தது. தென்கிழக்கு ஐரோப்பாவில், டான்யூப் ஆற்றின் கிளைகளையொட்டிய பால்கன் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரு சிறுநீரக நோய் இருந்தது. கோதுமை வயலில் களையாக முளைத்த இதே பேரினச் செடியின் விதை மாவில் கலந்ததுதான் அதற்கும் காரணம் என்று மிகப் பிந்தித் தெரிந்தது. தினமும் ரொட்டி சாப்பிட்ட மக்களே கண்டுபிடிக்க முடியாத ஒன்றை, எப்போதோ ஒருமுறை கஷாயம் கொடுக்கும் வைத்தியர் எப்படிக் கண்டுபிடித்திருப்பார்? உட்கொள்ளக் கூடாத செடிகளில் என்னைப் பொறுத்தவரை இதுவே முதல். தேள்கொடுக்குச் செடியும் அடுத்து நிற்கிறது. இதிலுள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கல்லீரலின் சிறு இரத்தக் குழாய்களை அடைத்துவிடும். 1970-களில் ஆப்கானிஸ்தானில் இதே பேரினத்துக் களையின் விதை கோதுமையில் கலந்து, வயிறு வீங்கிப் பலர் இறந்தார்கள்.

அரிதாகச் சிலருக்கு மட்டும் வரும் தீங்குக்குக் குப்பைமேனி உதாரணம். சொறி சிரங்குக்கு மேலே பூசும் செடியாகத்தான் பலருக்குத் தெரியும், சளிக்கு உள்ளுக்கும் கொடுப்பார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் இதை உட்கொண்டால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, இரத்தசோகை திடீரென்று முற்றும். இலங்கை மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குறை பெரும்பாலும் ஆண்களிடம் வெளிப்படும், பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மற்றவர்களுக்குப் பொதுவாக இப்படி ஆவதில்லை. அதனால் ஒரு ஊரே 'நாங்கள் சாப்பிட்டு வளர்ந்தோம்' என்று சொல்வதும் பொய்யில்லை.

எந்தப் பகுதி, எப்படித் தயாரித்தது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பிரமதண்டு நல்ல பாடம். அதன் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998-ல் டெல்லியில் கால் வீங்கி, இதயம் தளர்ந்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே செடியின் மேல்பகுதியைக் காய்ச்சிக் குடிப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் மலேரியா வைத்தியம். அங்கே ஆய்வாளர்கள் செய்த முறையை எல்லா இடத்திலும் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வைத்தியர்களிடம் 'எது நல்ல மருந்து' என்று கேட்காமல், குடும்பம் குடும்பமாகப் போய் 'கடைசியாகக் காய்ச்சல் வந்தபோது என்ன கொடுத்தீர்கள், என்ன ஆனது' என்று கேட்டு எழுதினார்கள். 66 செடிகள் கிடைத்தன. அவற்றில் குணமடைந்ததோடு மிகவும் பொருந்திவந்தது பிரமதண்டு. பிறகு அளவைச் சோதித்து, அதற்கடுத்து நவீன மாத்திரையோடு ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். நோய் கடுமையாகாமல் தடுப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. இலை மருந்து, விதை விஷம். தயாரிப்பும் அப்படித்தான். மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினைத் தந்த செடியைச் சீனாவின் து யூயூ என்ற விஞ்ஞானி முதலில் கொதிக்கவைத்துத் தோற்றார். நான்காம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றில் 'ஊறவைத்துப் பிழிந்து குடி' என்றிருந்ததைப் பார்த்து, சூடு குறைத்துப் பிரித்தெடுத்த பிறகே 1971-ல் பலன் கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசும் வந்தது. பழைய குறிப்பில் ஒரு வினைச்சொல்லை மாற்றினாலும் மருந்து போய்விடும்.

செடியை அடையாளம் காண்பதில் நான் கண்டிப்பானவன். கீழாநெல்லி என்று பறிப்பதில் குறைந்தது நான்கைந்து சிற்றினங்கள் கலக்கின்றன, வேதிப்பொருள்கள் அவற்றில் ஒன்றாக இல்லை. கண்வலிக்கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. பூவும் காயும் இல்லாத செடியை இலையை மட்டும் பார்த்து, அதுவும் கைப்பேசிச் செயலியை நம்பி, உள்ளுக்கு எடுக்காதீர்கள். சரியான செடியாகவே இருந்தாலும் இடம் முக்கியம். சாலையோரம், சாக்கடையோரம், களைக்கொல்லி தெளித்த வயல் எல்லாம் வேண்டாம். சில களைகள் மண்ணிலுள்ள காட்மியத்தையும் ஈயத்தையும் இலையில் சேர்த்து வைக்கும். ஆடு மாடு மேயும் ஈரநிலத்தில் வளரும் வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்றவற்றைப் பச்சையாக மென்றால் கல்லீரல் தட்டைப்புழு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. சமைத்தால் இந்த ஒரு பயம் போய்விடும்.

நடைமுறையில் நான் பிரிப்பது இப்படி. தோலின் மேல் பூசுவது, வாய் கொப்பளிப்பது, ஆவி பிடிப்பது போன்றவற்றில், செடி சரியாக இருந்து பாலோ எரிச்சலோ கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால், எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. உள்ளுக்கு எடுப்பதென்றால், கீரையாகவே மக்கள் தின்று வரும் செடிகள் ஒரு வகை, கஷாயமாகச் சுண்டவைத்து நாட்கணக்கில் குடிப்பது வேறு வகை. இரண்டாவதை முறையாகப் படித்த சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். மேலே புகழ்ந்த ஆடாதொடையின் வாசிசினே கருப்பையைச் சுருங்கச் செய்யும். கைக்குழந்தை, சிறுநீரக நோயாளி, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் எல்லோருக்கும் இதே பதில்தான். சிறுகுறிஞ்சான் மாதிரிச் செடி மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையைத் தேவைக்கு மேல் இறக்கிவிடலாம்.

கடைசியாக, தாமதிக்கவே கூடாத சில நிலைமைகள். காமாலையோடு குழப்பமான பேச்சோ, அதிகத் தூக்கமோ, நிற்காத வாந்தியோ, இரத்தக் கசிவோ இருந்தால் அது காத்திருந்து பார்க்கும் காமாலை இல்லை. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் முதல் நாளே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஹெபடைடிஸ் இ அவர்களுக்கு உயிராபத்தாகும். குழந்தை ஊமத்தங்காயைத் தின்றுவிட்டால் வாய் உலர்ந்து, முகம் சிவந்து, கண்மணி விரிந்து, இல்லாததைப் பிடிக்கக் கை நீட்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், தின்ற செடியில் பூவும் காயும் இருக்கும் கிளை ஒன்றை ஒடித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.